போஸ்ட்கிரெஸ்: ரீஇண்டெக்ஸ் செய்தாலும் இண்டெக்ஸ் திரும்பத் திரும்பக் கெடுகிறது

கம்பம்மெட்டு எழுதியது:

வணக்கம். கம்பத்தில் ஒரு ஏலக்காய் கொள்முதல் நிறுவனத்தின் டேட்டாபேஸை நான் பார்த்துக்கொள்கிறேன். மலைக்கு மேலே குமுளியில் எங்களுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது, வண்டன்மேடு, ஆனக்கரை, புளியன்மலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் காயை அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். எடை போட்டவுடன் லாட் எண், பார்ட்டி பெயர், ஊர், கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் பதிவாகும். பெயர்கள் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் இருக்கும், யார் பதிகிறார்களோ அவர்கள் கைக்கு வந்த எழுத்து.

டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 13. கம்பத்தில் ப்ரைமரி (எழுதுவதெல்லாம் இங்கே), குமுளியில் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனில் ஒரு ஸ்டாண்ட்பை (ப்ரைமரியை உடனுக்குடன் நகலெடுத்துக்கொள்ளும் மெஷின்). மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் கரண்ட் போகும், லைன் அறுந்துவிடும், அப்போது எது உயிரோடு இருக்கிறதோ அது ப்ரைமரியாக மாறிக்கொள்ள ஸ்கிரிப்ட் இருக்கிறது. பழையது எழுந்து வந்ததும் பிஜி_ரீவைண்ட் ஓட்டி, புதிய ப்ரைமரியோடு ஒத்துப்போகச் செய்து, அதை ஸ்டாண்ட்பை ஆக்குவோம்.

பிரச்சினை இதுதான். லாட் எண் 21-4 என்று தேடினால் இல்லை என்கிறது. மொத்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த வரி கண்ணெதிரே இருக்கிறது. அதைவிட மோசம், ப்ரைமரி கீ இருக்கிற டேபிளிலேயே ஒரே லாட் எண் இரண்டு வரியில் உட்கார்ந்திருக்கிறது. ரீஇண்டெக்ஸ் (தேடலுக்கான இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் கமாண்ட்) கொடுத்தால் டூப்ளிகேட் இருக்கிறது, யுனிக் இண்டெக்ஸ் கட்ட முடியாது என்று நின்றுவிடும், கையால் ஒன்றை அழித்துவிட்டு மறுபடி கொடுத்தால் சரியாகிவிடும். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அப்புறம் ஒருநாள் கரண்ட் போய் வரும், மறுநாள் காலையில் கிடங்கிலிருந்து போன் வரும், லாட்டைக் காணவில்லை என்று.

கரண்ட்தான் காரணம் என்று எஸ்எஸ்டியை மாற்றினோம், யுபிஎஸ் பெரியதாகப் போட்டோம், ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓட்டினோம், ஒன்றும் சிக்கவில்லை. டேட்டா செக்சம் (பைட் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எண்) போட்டுத்தான் டேட்டாபேஸே உருவாக்கியது, அதிலும் ஒரு பிழை கூட வந்ததில்லை. இன்னொன்று, இது சம்பந்தப்பட்டதா தெரியவில்லை: கம்பத்தில் தேடினால் கிடைக்கிற ஒரு லாட், அதே நேரத்தில் குமுளி ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் எடுத்தால் வராது. ரெப்ளிகேஷன் தாமதம் என்று விட்டுவிட்டோம். சீசன் தொடங்கிவிட்டது, அட்வான்ஸ் கணக்கில் இரட்டை வரி விழுந்தால் தோட்டக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. எங்கே பார்க்க வேண்டும்?

நெடுங்கண்டம் எழுதியது:

கரண்டோடு சேர்ந்து வருகிறது என்றால் நான் முதலில் டிஸ்கைத்தான் சந்தேகப்படுவேன். சாதாரண எஸ்எஸ்டிகளில் பல, எழுதிவிட்டேன் என்று சொன்ன பிறகும் தகவலைத் தன் உள் கேஷில் வைத்திருக்கும், அந்த நொடியில் மின்சாரம் போனால் அது போச்சு. மின்வெட்டைத் தாங்க உள்ளே கெப்பாசிட்டர் வைத்த சர்வர் ரக டிஸ்க் வேண்டும், எஸ்எஸ்டி புதிதா பழையதா என்பது விஷயமே இல்லை. எங்கள் கட்டடத்தில் ஒரு முறை இப்படி ஆனபோது ஒரு டேபிளின் நடுவில் சில பக்கங்கள் பழைய நிலையிலேயே நின்றுவிட்டன, இண்டெக்ஸ் புதிய வரியைக் காட்டும், டேபிளில் அந்த வரியே கிடையாது.

கான்ஃபிக் கோப்பில் எஃப்சிங்க், ஃபுல் பேஜ் ரைட்ஸ் (மின்வெட்டிலும் தகவல் டிஸ்கில் பத்திரமாக நிற்கச் செய்யும் அமைப்புகள்) இரண்டும் ஆன் ஆக இருக்கிறதா பாருங்கள். வேகத்துக்காக யாராவது அணைத்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. செக்சம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பவேண்டாம், டிஸ்க் ஒரு பக்கத்தை எழுதாமலே விட்டுவிட்டால் அங்கே கிடக்கிற பழைய பக்கமும் அதன் பழைய செக்சமும் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருக்கும்.

புளியரை எழுதியது:

நெடுங்கண்டம் சொன்னதைப் பார்த்துவிட வேண்டியதுதான், ஆனால் கேள்வியில் இருக்கிற அடையாளங்கள் எனக்கு வேறு பக்கம் கை காட்டுகின்றன. டிஸ்க் ஏமாற்றினால் கேடு அங்கொன்று இங்கொன்றாக விழும், டேபிளிலும் விழும், எண் இண்டெக்ஸிலும் விழும், எழுத்து இண்டெக்ஸிலும் விழும். உங்களுக்கு ரீஇண்டெக்ஸ் செய்தவுடன் முழுதாகச் சரியாகி, அடுத்த மாற்றத்தில் முழுதாகக் கெடுகிறது.

தம்பி, முதல் வேலை, ரீஇண்டெக்ஸ் அடிப்பதை நிறுத்துங்கள். அது தடயத்தை அழித்துவிடும். போஸ்ட்கிரெஸை நிறுத்திவிட்டு டேட்டா டைரக்டரியை அப்படியே ஒரு நகல் எடுத்து வேறு டிஸ்கில் வையுங்கள், பிறகு எது தப்பாகப் போனாலும் திரும்பி வர ஒரு இடம் இருக்கும்.

அடுத்து ஏஎம்செக். அது இண்டெக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற, போஸ்ட்கிரெஸோடேயே வருகிற எக்ஸ்டென்ஷன், பத்தாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் பிடி_இண்டெக்ஸ்_செக் என்ற ஃபங்ஷனை ஒவ்வொரு பிட்ரீ (போஸ்ட்கிரெஸின் வழக்கமான வகை) இண்டெக்ஸ் மேலும் ஓட்டுங்கள், ஹீப்ஆல்இண்டெக்ஸ்ட் என்பதை ட்ரூ என்று கொடுத்தால் டேபிளில் இருக்கிற வரியெல்லாம் இண்டெக்ஸிலும் இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்கும். பேரன்ட் செக் என்று இன்னொன்று உண்டு, அது டேபிளைப் பூட்டும், ஸ்டாண்ட்பையில் ஓடவும் ஓடாது. சாதாரண செக் ஸ்டாண்ட்பையிலும் ஓடும், அது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பதில் சொல்லுங்கள்: கெடுவது எல்லா இண்டெக்ஸுமா, அல்லது எழுத்து வகைக் காலம் (நெடுவரிசை) மேல் இருக்கிறவை மட்டுமா? இரண்டு மெஷினிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன, பதிப்பு எண்ணோடு? டேட்டாபேஸின் லொகேல் (மொழி, எழுத்து வரிசை அமைப்பு) என்ன?

போஸ்ட்கிரெஸின் குறும்பதிப்பும் சொல்லிவிடுங்கள். 14.0 முதல் 14.3 வரை கன்கரென்ட்லியாக (டேபிளைப் பூட்டாமல்) இண்டெக்ஸ் கட்டினால் சில வரிகள் விட்டுப்போகிற பிழை இருந்தது, 2022 ஜூனில் 14.4-இல் சரி செய்தார்கள். நீங்கள் 13 என்கிறீர்கள், அதனால் அது உங்களுடையது இல்லை, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இருக்கலாம்.

கம்பம்மெட்டு எழுதியது:

அண்ணே, ஓட்டிப் பார்த்துவிட்டேன். எஃப்சிங்க், ஃபுல் பேஜ் ரைட்ஸ் இரண்டும் ஆன்தான்.

தேதி, எடை, சீரியல் எண் மேல் இருக்கிற இண்டெக்ஸ் ஒன்று கூடக் கெடவில்லை. பழைய போன்களையும் புகார்களையும் யோசித்துப் பார்த்தால் எப்போதுமே லாட் எண், பார்ட்டி கோடு, பார்ட்டி பெயர், ஊர், இந்த நான்கில்தான். லாட் எண் என்றால் எண் அல்ல, நடுவில் கோடு போட்ட டெக்ஸ்ட், 21-4 மாதிரி.

இப்போது ப்ரைமரி கம்பம், போன வாரம்தான் ரீஇண்டெக்ஸ் செய்தது. அங்கே ஏஎம்செக் சுத்தம். அதே செக்கைக் குமுளி ஸ்டாண்ட்பையில் ஓட்டினால் அந்த நான்கு இண்டெக்ஸிலும் "ஐட்டம் ஆர்டர் இன்வேரியன்ட் வயலேட்டட்", அதாவது வரிசை குலைந்திருக்கிறது என்று வருகிறது. ரெப்ளிகேஷன் தாமதம் துளியும் இல்லை. பைட்டுக்கு பைட் ஒரே கோப்பு என்கிறார்களே, அங்கே சரி, இங்கே தப்பு எப்படி?

கம்பம் சர்வர் உபுண்டு 18.04. குமுளி மெஷின் பின்னால் வாங்கியது, 22.04. போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் ஒரே 13, குறும்பதிப்பு கூட ஒன்றுதான். லொகேல் இஎன்_யுஎஸ் யூடிஎஃப்-8.

புளியரை எழுதியது:

கிடைத்துவிட்டது. டிஸ்க், மெமரி, யுபிஎஸ் எல்லாவற்றையும் விடுதலை செய்துவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதை, நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை, தானாக முடிவு செய்வதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சி லைப்ரரியைக் கேட்கிறது. லினக்ஸில் அது ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-இல் இந்த அடுக்கும் விதிகளை ஐஎஸ்ஓ 14651 தரத்தின் புதிய பதிப்புக்கு மொத்தமாக மாற்றினார்கள். உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. 22.04-இல் இருப்பது 2.35. மாற்றம் சரியாக உங்கள் இரண்டு மெஷினுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது.

இரண்டு மெஷினிலும் ஷெல்லில் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். 11 ஒரு வரி, 1-1 ஒரு வரி, இரண்டையும் எல்சி_கொலேட் இஎன்_யுஎஸ் யூடிஎஃப்-8 என்று வைத்து சார்ட் கமாண்டுக்குக் கொடுங்கள். பழைய ஜிலிப்சி 11-ஐ முதலில் போடும், 1-1 அடுத்தது. புதியது 1-1-ஐ முதலில் போடும். உங்கள் லாட் எண்களில் எல்லாம் கோடு இருக்கிறது, அதனால்தான் அடி முழுக்க அங்கே விழுகிறது. கோடும் புள்ளியும் இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்தாக இருந்திருந்தால் வருடக்கணக்கில் தெரியாமலே ஓடியிருக்கலாம்.

பிட்ரீ இண்டெக்ஸ் என்பது அடுக்கி வைத்த பட்டியல்தானே. ஒருவர் தமிழ் அகராதி வரிசையில் அடுக்கிய பேரேட்டை, மலையாள வரிசைதான் சரி என்று நம்புகிற இன்னொருவரிடம் கொடுத்து ஒரு பெயரைத் தேடச் சொன்னால், அவர் பாதியில் பிரித்துப் பார்த்து, தேடும் பெயர் இதற்கு முன்னால்தான் இருக்கும் என்று முன்பக்கம் போவார், அது பின்பக்கம் இருக்கும், இல்லை என்று மூடிவிடுவார். பேரேட்டில் ஒரு எழுத்து கூட அழியவில்லை. அதனால்தான் செக்சம் வாய் திறப்பதில்லை, அது பைட் மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அதனால்தான் ஒரே கோப்பு கம்பத்தில் சரி, குமுளியில் தப்பு.

இனி ஏன் திரும்பத் திரும்ப என்பது. கம்பத்தில் கட்டிய இண்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்கிறது. கரண்ட் போகிறது, குமுளி ப்ரைமரி ஆகிறது, புதிய விதியோடு பழைய வரிசையைப் படிக்கிறது, லாட் காணவில்லை. அங்கே ரீஇண்டெக்ஸ் செய்கிறீர்கள், இப்போது புதிய வரிசை. ரீவைண்ட் செய்து கம்பத்துக்கு அதே கோப்புகள் போகின்றன. அடுத்த முறை கம்பம் ப்ரைமரி ஆகும்போது பழைய விதியோடு புதிய வரிசையைப் படிக்கிறது, மறுபடி காணவில்லை. ஒவ்வொரு ரீஇண்டெக்ஸும் ஒரு பக்கத்தைச் சரி செய்து மறுபக்கத்தைக் கெடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கரண்ட் குற்றவாளி போலத் தெரிந்தது, ஆள் மாறுவது அந்த நேரத்தில்தான் என்பதால்.

டூப்ளிகேட்டும் இதே கதை. புதிய வரி வரும்போது போஸ்ட்கிரெஸ் இந்த லாட் ஏற்கெனவே உண்டா என்று அதே இண்டெக்ஸில்தான் தேடும். தப்பான பக்கத்தில் இறங்கித் தேடி, இல்லை என்று கண்டு, உள்ளே விட்டுவிடும். இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்று ஆன் கான்ஃப்ளிக்ட் போட்டு எழுதியிருந்தால் எல்லாமே "சேர்" ஆகிவிடும். உங்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காணாமல் போன லாட்டை ரீஇண்டெக்ஸ் திருப்பிக் கொடுக்கும், இரட்டையாக விழுந்த அட்வான்ஸை அது தொடாது. யுனிக் இல்லாத டேபிள்களில் விழுந்த தவறு யாருக்கும் பிழைச் செய்தியாகக் கூட வராது.

சரி, செய்ய வேண்டியது. முதலில் அந்தத் தானியங்கி ஸ்கிரிப்டை அணையுங்கள், இன்றைக்கே. இரண்டு மெஷினும் ஒரே ஜிலிப்சிக்கு வருகிறவரை யாரும் ஆள் மாறக்கூடாது, குமுளியில் ரிப்போர்ட் எடுப்பதும் வேண்டாம், வருகிற பதில் தப்பாக இருக்கும்.

18.04-க்குத் திரும்புவது வேண்டாம், அதன் வழக்கமான ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. 22.04 பக்கம் போங்கள். கொள்முதல் இல்லாத ஒரு நாள் பார்த்து அப்ளிகேஷனை நிறுத்துங்கள், குமுளியை ப்ரைமரி ஆக்குங்கள், ரீஇண்டெக்ஸுக்கு முன்பு டூப்ளிகேட்டைத் தேடுங்கள். தேடும் செஷனில் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கெட்ட இண்டெக்ஸையே கேட்டு டூப்ளிகேட் இல்லை என்று பதில் வாங்கிவிடுவீர்கள். லாட் எண் வாரியாக குரூப் செய்து ஒன்றுக்கு மேல் இருப்பதை எடுங்கள். இரண்டு வரியும் கீயில் ஒன்றாக இருப்பதால் சிடிஐடியை (டேபிளில் வரி இருக்கிற இடத்தின் எண்) வைத்துத்தான் ஒன்றைத் தனியாகப் பிடிக்க முடியும்.

எதை வைப்பது எதை அழிப்பது என்பதை எஸ்க்யூஎல்லிடம் விடாதீர்கள். இரண்டில் ஒன்று பழைய எடை, மற்றது திருத்திய எடையாக இருக்கலாம், அல்லது இரண்டிலுமே தனித்தனி அட்வான்ஸ் இருக்கலாம். கிடங்கில் எழுதிய சீட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், அலுப்பான வேலைதான், ஆனால் அந்தப் பணம் தோட்டக்காரருடையது.

அது முடிந்ததும் டேட்டாபேஸ் முழுவதற்கும் ரீஇண்டெக்ஸ், அப்புறம் ஏஎம்செக். டெக்ஸ்ட் காலத்தை வைத்து டேபிளை ரேஞ்ச் பார்ட்டிஷனாக (மதிப்பு எல்லைப்படி துண்டுகளாக) பிரித்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும், அங்கே வரி தப்பான பார்ட்டிஷனில் கிடக்கும், ரீஇண்டெக்ஸ் அதை நகர்த்தாது. பிறகு கம்பம் சர்வரைத் துடைத்து 22.04 போட்டு, பிஜி_பேஸ்பேக்கப் (முழு நகல்) எடுத்துப் புதிய ஸ்டாண்ட்பை ஆக்குங்கள். அங்கேயும் ஏஎம்செக் ஓட்டிச் சுத்தம் என்று பார்த்த பிறகு ஸ்கிரிப்டைத் திரும்பப் போடலாம்.

களியக்காவிளை எழுதியது:

புளியரை சொன்ன காரணம்தான் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டூப்ளிகேட் தேடும்போது பெயர்க் காலத்தில் உங்களுக்கு இன்னொரு வகை இரட்டை மாட்டும், அதை இண்டெக்ஸ் கேட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எல்லையில் இரண்டு மொழிப் பெயரோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இது வரும்.

மலையாளத்தில் சில்லு எழுத்துகள் உண்டு, ராஜன் என்று எழுதும்போது கடைசியில் வருகிற ன் மாதிரி. 2008-இல் யூனிகோடு 5.1 வந்தபோது சில்லுகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு முன்னால் மெய்யெழுத்து, சந்திரக்கலா (நம் புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்பான் என்று மூன்று குறியீடுகளாக எழுதினார்கள், இன்னும் சில கீபோர்டுகளிலும் பழைய கோப்புகளிலும் அப்படியே வருகிறது. திரையில் இரண்டும் ஒன்று. போஸ்ட்கிரெஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். இண்டெக்ஸ் நூறு சதவீதம் நலமாக இருந்தாலும் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது, யுனிக்கும் இரண்டையும் அனுமதிக்கும்.

தமிழிலும் உண்டு. கொ என்பதில் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பு தனி கால் தனியாக இரண்டு குறியீடாகவும் வரலாம். இது எளிது, போஸ்ட்கிரெஸ் 13-இலேயே நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, என்எஃப்சி (சேர்த்து எழுதும் வடிவம்) கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மலையாளச் சில்லு அதில் சேராது, யூனிகோடு அவற்றைச் சமம் என்று வைக்கவே இல்லை, அதனால் பழைய மூன்று குறியீட்டு வடிவத்தைப் புதியதாக மாற்ற நீங்களே ஒரு ரீப்ளேஸ் எழுதவேண்டும். உள்ளே வருகிற வாசலிலேயே, சேமிப்பதற்கு முன்பு, இரண்டையும் செய்துவிடுங்கள்.

பிரித்து அறிய ஒரு வழி: இரட்டையாகத் தெரிகிற இரண்டு பெயரின் ஆக்டெட் லெங்த்தை (பைட் எண்ணிக்கை) பாருங்கள். வேறுபட்டால் அது எழுத்துக் குறியீட்டுப் பிரச்சினை. பைட்டும் ஒன்றாக இருந்தும் யுனிக் இண்டெக்ஸில் இரண்டு இருந்தால் அது இண்டெக்ஸ்.

நெடுங்கண்டம் எழுதியது:

டிஸ்க் பற்றி நான் சொன்னது இந்த விஷயத்தில் பொருந்தவில்லை, சரி. எனக்கு ஒரு கேள்வி. மெஷின்களை ஒன்றாக்கிய பிறகும் 24.04, 26.04 என்று அடுத்த மாற்றம் வரத்தானே செய்யும். ஒவ்வொரு முறையும் இதே பயமா? சி கொலேஷனில் (வெறும் பைட் வரிசை) வைத்துவிட்டால் தீருமா?

புளியரை எழுதியது:

பெரும்பகுதி தீரும். லாட் எண், பார்ட்டி கோடு, ரசீது எண் இதெல்லாம் யாரும் அகராதி வரிசையில் படிக்கப் போவதில்லை. இந்தக் காலங்களை கொலேட் சி என்று மாற்றிவிடுங்கள், பைட் வரிசை எந்த லைப்ரரி வந்தாலும் மாறாது. ஆல்டர் டேபிள் கொடுத்தால் அந்த இண்டெக்ஸும் தானே புதிதாகக் கட்டப்படும், அந்த நேரத்தில் டேபிள் பூட்டியிருக்கும், அவ்வளவுதான். கூடுதலாக ஒரு நன்மை, 21- என்று தொடங்குகிற எல்லா லாட்டும் என்று லைக் போட்டுத் தேடினால் சி கொலேஷன் இண்டெக்ஸ் அதற்கும் பயன்படும்.

பெயர்களுக்கு வரும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. ந-வுக்கு அடுத்ததே ன, அப்புறம்தான் ப. ர-வுக்கு அடுத்து ற. ல, ள, ழ முடிந்த பிறகு வ. புள்ளியின் குறியீடு உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால், அதனால் சி வரிசையில் பகல் முன்னால் வரும், பக்கம் பின்னால் வரும். மலையாளப் பெயர்கள் மொத்தமாகத் தமிழ்ப் பெயர்களுக்கு அப்புறம். தோட்டக்காரர்கள் பட்டியலை இப்படி அச்சடித்துக் கொடுத்தால் யாருக்கும் தன் பெயர் கண்ணில் படாது. இதற்கு நான் செய்வது: சேமிப்பதும் இண்டெக்ஸும் சி-யில், பட்டியல் காட்டும்போது மட்டும் ஆர்டர் பையில் ஐசியு (மொழிவாரி வரிசை தரும் தனி லைப்ரரி) தமிழ் கொலேஷனைச் சொல்வது. அந்த நேரத்தில் அடுக்கி அந்த நேரத்திலேயே மறந்துவிடுவதால், ஐசியு பதிப்பு மாறினாலும் டிஸ்கில் கெட எதுவும் இல்லை. சில ஆயிரம் பெயர்களை அடுக்க ஒரு இமைப்பொழுது போதும்.

மொத்த டேட்டாபேஸையும் புதிதாகக் கட்டுகிறவர்கள் போஸ்ட்கிரெஸ் 17-க்குப் போனால், பில்ட்இன் ப்ரொவைடரில் சி.யூடிஎஃப்-8 இருக்கிறது, வரிசை குறியீட்டு எண்படி, ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்பதே இல்லை. கம்பம்மெட்டு, நீங்களும் 13-ஐ விட்டு நகர வேண்டும், அதன் ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்தது. இன்னொரு காரணமும் இருக்கிறது: 15-இலிருந்துதான் டேட்டாபேஸின் பொதுக் கொலேஷன் எந்தப் பதிப்பில் உருவானது என்று குறித்து வைத்துக்கொண்டு, மாறியிருந்தால் இணைக்கும்போதே எச்சரிக்கை தரும். உங்கள் 13 அந்த இடத்தில் மௌனமாக இருந்தது. எச்சரிக்கை வந்தால் ரீஇண்டெக்ஸ் செய்யாமல் ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் மட்டும் கொடுத்து வாயை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது குறித்து வைத்த எண்ணை மட்டும் மாற்றும், இண்டெக்ஸைத் தொடாது.

கம்பம்மெட்டு எழுதியது:

முடித்துவிட்டோம். சார்ட் சோதனை நீங்கள் சொன்னபடியே, கம்பத்தில் 11 முன்னால், குமுளியில் 1-1 முன்னால்.

ஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, கொள்முதல் இல்லாத நாளில் குமுளியில் வைத்தே எல்லாம் செய்தோம். டூப்ளிகேட் தேடியதில் லாட் டேபிளை விட பார்ட்டி மாஸ்டரில்தான் அதிகம். அதில் ஒரு பகுதி களியக்காவிளை சொன்ன சில்லு எழுத்து, ஆக்டெட் லெங்த்தில் பிரிந்துவிட்டது. மற்றவை பைட்டுக்கு பைட் ஒன்று. அட்வான்ஸ் டேபிளில் ஒரே பற்று இரண்டு முறை விழுந்த வரிகளும் இருந்தன, நல்லவேளையாகக் கணக்கு முடிக்காத பார்ட்டிகள், கிடங்கில் எடை போடுகிற அண்ணன் பழைய சீட்டுக் கட்டை எடுத்துவந்து உட்கார்ந்தார், அவர் இல்லாமல் எது சரி என்று எங்களால் சொல்லியிருக்க முடியாது. ஒரு தோட்டக்காரரிடம் மட்டும் நேரில் போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

கம்பம் சர்வர் இப்போது 22.04. பேஸ்பேக்கப் எடுத்து ஸ்டாண்ட்பை ஆக்கினோம், ஏஎம்செக் இரண்டு பக்கமும் சுத்தம். வேண்டுமென்றே ஆள் மாற்றிப் பார்த்தோம், கம்பம் ப்ரைமரி ஆன பிறகும் 21-4 கிடைக்கிறது. லாட் எண்ணையும் பார்ட்டி கோடையும் சி-க்கு மாற்றிவிட்டோம். 13-இலிருந்து நகர்வது சீசன் முடிந்ததும், டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்யலாம் என்று இருக்கிறோம், அதில் இண்டெக்ஸ் புதிதாகத்தானே கட்டப்படும்? எல்லோருக்கும் நன்றி, நிஜமாகவே.

வாளையார் எழுதியது:

இந்தத் திரியைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. எங்களுடையது டாக்கர் கன்டெய்னரில் ஓடுகிறது. இமேஜின் (கன்டெய்னருக்கான மென்பொருள் கட்டு) அளவு பெரிது என்று போன மாதம் ஒருவர் டெபியன் இமேஜிலிருந்து ஆல்பைன் இமேஜுக்கு மாற்றினார், அதே டேட்டா வால்யூம். ஹோஸ்ட் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எதுவும் மாறவில்லை. எங்களுக்கும் இது உண்டா?

புளியரை எழுதியது:

கம்பம்மெட்டு, ஆமாம், டம்ப் ரீஸ்டோரில் எல்லா இண்டெக்ஸும் புதிய மெஷினின் விதிப்படி கட்டப்படும். பிஜி_அப்கிரேட் வழியாகப் போனால் பழைய இண்டெக்ஸ் கோப்புகள் அப்படியே வரும், அதனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அதே நேரத்தில் மாற்றாதீர்கள்.

வாளையார், உண்டு. ஹோஸ்ட் முக்கியமில்லை, கன்டெய்னருக்குள் இருக்கிற சி லைப்ரரிதான் கணக்கு. ஆல்பைனில் ஜிலிப்சியே கிடையாது, மசல் என்ற வேறு லைப்ரரி, அது லொகேலைக் கண்டுகொள்ளாமல் பைட் வரிசையில் ஒப்பிடும். உங்கள் டேட்டாபேஸ் சி தவிர வேறு லொகேலில் உருவாக்கியிருந்தால், இமேஜ் மாறிய நாளிலிருந்து எழுத்து இண்டெக்ஸ்கள் சந்தேகத்துக்கு உரியவை. முதலில் பழைய டெபியன் இமேஜுக்குத் திரும்பாதீர்கள், இந்த ஒரு மாதத்தில் ஆல்பைன் வரிசையில் நுழைந்த வரிகள் அங்கே காணாமல் போகும். அப்ளிகேஷனை நிறுத்தி, வால்யூமை நகல் எடுத்து, ஏஎம்செக் ஓட்டுங்கள். 14 அல்லது அதற்கு மேல் என்றால் பிஜி_ஏஎம்செக் என்ற கமாண்டே இருக்கிறது, டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடும். டூப்ளிகேட் தேடுவது மேலே சொன்னபடியே. எந்த இமேஜில் நிற்பது என்று முடிவு செய்து அங்கே ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள்.

இமேஜ் பெயரில் வெறும் பதிப்பு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அடியில் இருக்கிற டெபியன் ஒருநாள் புல்ஸை என்ற பதிப்பிலிருந்து புக்வார்முக்கு மாறியது போல மறுபடி மாறும், நீங்கள் இமேஜை மறுபடி இறக்க புல் கமாண்ட் கொடுத்தாலே புதிய ஜிலிப்சி வந்து உட்காரும். புக்வார்ம் என்றால் புக்வார்ம் என்றே டேகில் எழுதி வையுங்கள். ஏஎம்செக் என்ன சொல்கிறது என்று இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.